கம்பியை இணைத்தால் போதுமா? விஷ்போன் பாகத்தை ஆக்ஸிக்கு மாற்றுவது எப்படி

திறந்த வன்பொருள் உலகில் ஒரு பெரிய வசதி உண்டு. ஐ2சி (இரண்டு கம்பிகளில் சிப்புகள் பேசிக்கொள்ளும் முறை) கட்டுப்படுத்தியோ, சீரியல் போர்ட்டோ, டைமரோ வேண்டுமென்றால் நாமே முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. யாரோ எழுதி, பலர் பல வருடம் பயன்படுத்தி, பிழை திருத்திய வெரிலாக் (வன்பொருளை விவரிக்கும் மொழி) கோப்புகள் இலவசமாகவே கிடைக்கும். இறக்கி நம் எஃப்பிஜிஏவுக்குள் (உள்ளே இருக்கும் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்) போட்டுக்கொள்ளலாம். சிக்கல் அதற்கு அடுத்த நிமிடம் ஆரம்பிக்கிறது. பாகங்கள் தமக்குள் தரவு பரிமாறிக்கொள்ளும் பாதைக்கு பஸ் என்று பெயர். அந்தப் பாகம் பேசும் பஸ் ஒன்று, நம் புராசஸர் பேசும் பஸ் வேறொன்று.

பார்த்தால் எளிதாகத்தான் தோன்றும். அந்தப் பக்கம் முகவரி என்று ஒரு கட்டுக் கம்பிகள், இந்தப் பக்கமும் முகவரி. அங்கே தரவு, இங்கேயும் தரவு. பெயரைப் பார்த்து இணைத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்துத்தான் பலரும் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் பஸ் என்பது கம்பிகள் மட்டும் இல்லை. அதில் சேருகிற ஒவ்வொருவரும் சில வாக்குகளைக் கொடுத்துவிட்டுத்தான் சேருகிறார்கள். ‘நீ பதில் சொல்லும்வரை நான் கேட்டதை மாற்றமாட்டேன்’, ‘நான் பதில் சொல்லிவிட்டால் அது முடிந்த விஷயம்’ என்பது போல. இரண்டு பஸ்களின் வாக்குகளும் எங்கே முரண்படுகின்றன என்று கண்டுபிடித்து, நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் காப்பாற்றுவதுதான் உண்மையான வேலை.

சில மாற்றங்கள் நிஜமாகவே எளிதானவை. 1992-இல் வந்த பிசி/104 தரத்தைப் பாருங்கள். பழைய மேசைக் கணினிகளின் ஐஎஸ்ஏ பஸ் சிக்னல்களை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, 98 முனை கொண்ட விளிம்பு இணைப்பை மட்டும் நீக்கிவிட்டு, அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய 104 ஊசி இணைப்பைக் கொடுத்தார்கள். மொழி அதேதான், சட்டைதான் வேறு. இதுவே ஐஎஸ்ஏவிலிருந்து பிசிஐக்குப் போவதென்றால் கதை வேறு. பிசிஐயில் முகவரியும் தரவும் ஒரே கம்பிகளில் மாறி மாறிப் போகும். பேச்சின் ஒழுங்கே மாறிவிடுவதால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அந்த மொழிபெயர்ப்பாளருக்குத்தான் பிரிட்ஜ் என்று பெயர். நாம் இங்கே பார்க்கப்போவதும் அந்த வகைதான், ஆனால் முழுக்க ஒரே சிப்புக்குள் நடப்பது.

உதாரணத்துக்கு விஷ்போன் என்ற திறந்த பஸ்ஸையும், ஆக்ஸி4-லைட் என்ற பஸ்ஸையும் எடுத்துக்கொள்கிறேன். காரணம் எளிது. திறந்த பாகங்களில் ஏராளமானவை விஷ்போன் பேசுகின்றன. இன்றைய எஃப்பிஜிஏக்களுக்குள் இருக்கும் ஆர்ம் புராசஸர்கள் ஆக்ஸி பேசுகின்றன. இந்தத் துறையில் இறங்கும் யாருக்கும் இந்த இரண்டும் ஒருநாள் எதிரெதிரே வந்து நிற்கும்.

விஷ்போனை சிலிகோர் நிறுவனத்தின் வேட் பீட்டர்சன் உருவாக்கினார். யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விடப்பட்ட தரம் அது. பிறகு ஓப்பன்கோர்ஸ் என்ற திறந்த வன்பொருள் சமூகம் அதைப் பராமரித்தது. 2002-இல் வந்த பி3 பதிப்பின்படி எழுதப்பட்ட பாகங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. 2010-இல் பி4 வந்தபோது பைப்லைன் முறை (முந்தைய பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கோரிக்கையை அனுப்புவது) சேர்ந்தது. ஆக்ஸி ஆர்ம் நிறுவனத்தின் ஆம்பா குடும்பத்தைச் சேர்ந்தது. ஆம்பா 1996-இல் தொடங்கியது, அதில் ஆக்ஸி சேர்ந்தது 2003-இல், ஆக்ஸி4 வந்தது 2010-இல். லைட் என்பது அதன் எளிய வடிவம். ஒரு கோரிக்கையில் ஒரே ஒரு சொல்தான், அதாவது பஸ்ஸின் அகலத்துக்கான ஒரு தரவுதான் போகும், கோரிக்கைக்கு அடையாள எண் கிடையாது, தரவின் அகலம் 32 அல்லது 64 பிட். ரெஜிஸ்டர்களை (பாகத்துக்குள் மதிப்புகளை வைத்திருக்கும் சிறு இடங்கள்) தொட்டுப் பார்க்க இது போதும்.

விஷ்போனின் பழைய முறை ஒரு நேருக்கு நேர் உரையாடல். கேட்கும் பக்கமான மாஸ்டர் முகவரியை வைக்கும். எழுதுவதா படிப்பதா என்பதை ரைட் எனேபிள் சிக்னலில் சொல்லும். எந்தெந்த பைட் வேண்டும் என்பதை செலக்ட் சிக்னலில் சொல்லும். அப்புறம் சைக்கிள், ஸ்ட்ரோப் என்ற இரண்டு சிக்னல்களையும் 1 ஆக்கிவிட்டுக் காத்திருக்கும். பதில் சொல்லும் பக்கமான ஸ்லேவ் வேலையை முடித்ததும் அக்னாலெட்ஜ் சிக்னலை ஒரு கிளாக் துடிப்புக்கு 1 ஆக்கும். அவ்வளவுதான். கேள்வி, தரவு, பதில் மூன்றும் அந்த ஒரே துடிப்பில் முடிந்துபோகும். படித்த தரவு அந்தத் துடிப்பில் மட்டும்தான் செல்லுபடியாகும். அடுத்த துடிப்பில் அந்தக் கம்பிகளில் என்ன இருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

(மாஸ்டர், ஸ்லேவ் என்ற பெயர்களை ஆம்பாவின் புதிய ஆவணங்கள் கைவிட்டு, மேனேஜர், சபார்டினேட் என்கின்றன. பழைய கோப்புகளில் பழைய பெயர்களே இருப்பதால் இரண்டையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.)

ஆக்ஸி உரையாடல் மாதிரி இருக்காது, கடிதப் போக்குவரத்து மாதிரி இருக்கும். ஐந்து தனித்தனி சேனல்கள் உண்டு. எழுதவேண்டிய முகவரிக்கு ஒன்று, எழுதவேண்டிய தரவுக்கு ஒன்று, எழுதியாயிற்று என்ற பதிலுக்கு ஒன்று, படிக்கவேண்டிய முகவரிக்கு ஒன்று, படித்த தரவுக்கு ஒன்று. ஒவ்வொரு சேனலிலும் அனுப்புகிறவரிடம் வேலிட் என்ற சிக்னல், பெறுகிறவரிடம் ரெடி என்ற சிக்னல். இரண்டும் ஒரே துடிப்பில் 1 ஆக இருந்தால் சரக்கு கைமாறியது என்று பொருள். இரண்டில் ஒன்று 0 என்றாலும் ஒன்றும் நடக்கவில்லை.

இதில் மீறவே கூடாத விதிகள் இரண்டு. வேலிட்டை ஒருமுறை உயர்த்திவிட்டால், ரெடி வரும்வரை அதை இறக்கக்கூடாது, கூடவே இருக்கும் தரவையும் மாற்றக்கூடாது. அடுத்தது, வேலிட்டை உயர்த்துவதற்கு ரெடிக்காகக் காத்திருக்கக்கூடாது. ரெடி வேண்டுமானால் வேலிட்டுக்காகக் காத்திருக்கலாம். இரண்டாவது விதி ஏன் ஒருதலைப்பட்சமாக இருக்கிறது என்று யோசித்தால் உடனே புரியும். வாசலில் இரண்டு பேர் நின்று ‘நீங்க முதல்ல போங்க’, ‘இல்ல, நீங்க முதல்ல’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் இருவரும் உள்ளே போகமாட்டார்கள். யார் முதலில் போகவேண்டும் என்று விதியே சொல்லிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

சரி, இப்போது பிரிட்ஜுக்கு வருவோம். ஆக்ஸி பக்கம் மாஸ்டர், விஷ்போன் பக்கம் நம் திறந்த பாகம். நடுவில் இருக்கும் பிரிட்ஜ் ஆக்ஸிக்கு ஸ்லேவாகவும் விஷ்போனுக்கு மாஸ்டராகவும் நடிக்கவேண்டும்.

எழுதும் வேலையை முதலில் எடுப்போம், ஏனென்றால் அதில்தான் சிடுக்கு அதிகம். ஆக்ஸியில் முகவரியும் தரவும் வெவ்வேறு சேனலில் வருகின்றன. எது முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தரவு முன்னால் வந்து முகவரி பல துடிப்புகள் கழித்து வருவதும் முறையானதே. விஷ்போனிலோ இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஸ்ட்ரோப்பையே உயர்த்த முடியும். அதனால் பிரிட்ஜ் இரண்டு வேலிட்டும் 1 ஆகும்வரை பேசாமல் இருந்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே துடிப்பில் ரெடி கொடுத்து, முகவரியையும் தரவையும் தன் ரெஜிஸ்டர்களில் பிடித்து வைத்துக்கொள்வது எளிய வழி. விதிப்படி இது சரி, மாஸ்டர் எந்த ரெடிக்காகவும் தன் வேலிட்டை நிறுத்திவைக்க முடியாது என்பதால் முட்டுக்கட்டை வராது. ஆனால் விதியைச் சரியாகப் படிக்காத மாஸ்டர்களும் உலகத்தில் உண்டு. முகவரிக்கு ரெடி கிடைத்த பிறகுதான் தரவைத் தருவேன் என்று உட்கார்ந்திருக்கும் ஒன்றோடு இணைத்தால் எல்லாம் உறைந்துபோகும். இரண்டு சேனலையும் தனித்தனியாக வாங்கி வைத்துக்கொள்ளும் பிரிட்ஜ் இன்னும் கொஞ்சம் பெரியதாகும், ஆனால் யாரோடும் ஒத்துப்போகும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சில ஃபிளிப்-ஃபிளாப்களை (ஒரு பிட்டை அடுத்த துடிப்புவரை பிடித்துவைக்கும் சுற்று) மிச்சம் பிடித்து ஒரு வார இறுதியைத் தொலைப்பது லாபமான வியாபாரம் இல்லை.

பிடித்து வைத்தாயிற்று. இப்போது விஷ்போன் பக்கம் சைக்கிளையும் ஸ்ட்ரோப்பையும் உயர்த்தலாம். அக்னாலெட்ஜ் வந்ததும் அவற்றை இறக்கிவிட்டு, ஆக்ஸியின் பதில் சேனலில் வேலிட்டை உயர்த்தவேண்டும். மாஸ்டர் உடனே ரெடி சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது எத்தனை துடிப்பு தாமதித்தாலும் பிரிட்ஜ் அந்த வேலிட்டைப் பிடித்தபடியே நிற்கவேண்டும், அதுவரை அடுத்த வேலையை எடுக்கவும் கூடாது. படிக்கும் வேலையும் இதே மாதிரிதான், ஒரு வித்தியாசத்தோடு. அக்னாலெட்ஜ் வந்த அந்த ஒரே துடிப்பில் தரவை நகலெடுத்து வைக்கவேண்டும். விஷ்போன் தரவுக் கம்பிகளை நேராக ஆக்ஸி தரவுக் கம்பிகளோடு இணைத்துவிட்டால், மாஸ்டர் உடனே ரெடி சொல்லும்போதெல்லாம் சரியாக வேலை செய்யும். அது சற்றுத் தாமதித்த அன்று குப்பை வரும். எப்போதாவது மட்டும் வரும் பிழைகள் பிறப்பது இப்படித்தான்.

இறக்குவது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். எப்போது இறக்குவது என்பதில் நான் ஒருமுறை நன்றாக மாட்டினேன். சீரியல் போர்ட் பாகம் ஒன்றுக்கு எழுதிய முதல் பிரிட்ஜில், கிளாக் வேகம் சரிப்படட்டும் என்று அக்னாலெட்ஜ் சிக்னலை ஒரு ஃபிளிப்-ஃபிளாப் வழியாக உள்ளே எடுத்தேன். சிமுலேஷனில் எழுதினேன், படித்தேன், எல்லாம் சரி. அட்டையில் ஏற்றி மறுமுனையிலிருந்து 12345678 என்று அனுப்பினால், இந்தப் பக்கம் 1357 வருகிறது. வேகம் தவறோ, கேபிள் தவறோ என்று இரண்டு நாள் அலைந்தேன். காரணம் அந்த ஒரு ஃபிளிப்-ஃபிளாப். அக்னாலெட்ஜை நான் ஒரு துடிப்பு தாமதமாகப் பார்த்ததால், ஸ்ட்ரோப்பும் ஒரு துடிப்பு கூடுதலாக உயர்ந்தே இருந்தது. ஸ்லேவின் கண்ணில் அது இரண்டாவது கோரிக்கை. சாதாரண ரெஜிஸ்டரை இரண்டு முறை படித்தால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் வந்த எழுத்துகள் வரிசையில் நிற்கும் ரெஜிஸ்டரைப் படித்தால் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்து வெளியேறிவிடும். முதல் எழுத்தை நான் எடுத்துக்கொண்டேன், இரண்டாவது யாருக்கும் கிடைக்காமல் போனது. சிமுலேஷனில் ஏன் தெரியவில்லை? நான் அங்கே சோதித்தது சாதாரண ரெஜிஸ்டரை.

படிப்பதாலேயே நிலை மாறும் ரெஜிஸ்டர்களைப் பற்றி இன்னொரு விஷயம். ஆக்ஸியில் எழுதும்போது எந்த பைட் செல்லுபடியாகும் என்று சொல்ல ஸ்ட்ரோப் பிட்கள் உண்டு (விஷ்போனின் ஸ்ட்ரோப் வேறு, இது வேறு. பெயர் ஒன்றாக இருப்பது நம் தலைவிதி). 32 பிட் தரவென்றால் நான்கு பிட்கள், பைட்டுக்கு ஒன்று. அவை விஷ்போனின் செலக்ட் சிக்னலுக்கு நேராகப் பொருந்தும். ஆனால் படிக்கும்போது ஆக்ஸி4-லைட்டில் அப்படி எதுவுமே கிடையாது. எப்போதும் முழு அகலத்துக்குத்தான் படிக்கும். பிரிட்ஜுக்கு வேறு வழியில்லை, செலக்ட் பிட்கள் நான்கையும் 1 ஆக்கித்தான் ஸ்லேவிடம் கேட்கவேண்டும். நான்கு 8 பிட் ரெஜிஸ்டர்கள் ஒரே 32 பிட் சொல்லுக்குள் பக்கத்துப் பக்கத்தில் அடைந்திருந்தால், ஒன்றைப் படிக்கப் போய் நான்கையும் படித்துவிடுவோம். அதில் ஒன்று மேலே சொன்ன எழுத்து வரிசையாக இருந்துவிட்டால் போச்சு.

அதனால்தான் 8 பிட் பாகங்களை 32 பிட் பஸ்ஸில் பொருத்தும்போது ரெஜிஸ்டர்களை நான்கு பைட் இடைவெளியில் பரப்பி வைக்கிறார்கள். ஓப்பன்கோர்ஸின் புகழ்பெற்ற ஐ2சி மாஸ்டர் பாகத்தை எடுத்துக்கொள்வோம். தரவு 8 பிட், முகவரி வெறும் 3 பிட். 0, 1 இரண்டும் கிளாக் வேகத்தைத் தீர்மானிக்கும் ரெஜிஸ்டர்கள். 2 கட்டுப்பாடு. 3-இல் எழுதினால் அனுப்பவேண்டிய பைட், அதே 3-ஐப் படித்தால் வந்த பைட். 4-இல் எழுதினால் கட்டளை, படித்தால் நிலவரம். ஆக்ஸி முகவரியின் கடைசி இரண்டு பிட்களை விட்டுவிட்டு, அதற்கு மேலே உள்ள மூன்று பிட்களை இந்தப் பாகத்துக்குக் கொடுத்தால், மென்பொருளின் பார்வையில் ரெஜிஸ்டர்கள் 0, 4, 8, 12, 16 என்ற முகவரிகளில் இருக்கும். லினக்ஸில் இந்தப் பாகத்துக்கு டிரைவர் ஏற்கெனவே உண்டு. முகவரியை எத்தனை பிட் நகர்த்தவேண்டும், எத்தனை பைட் அகலத்தில் தொடவேண்டும் என்று டிவைஸ் ட்ரீ (வன்பொருளின் அமைப்பை லினக்ஸுக்கு விவரிப்பது) கோப்பில் அதற்குச் சொல்லிவிட முடியும். நம்மைப் போல எத்தனையோ பேர் இந்தப் பாகத்தை வெவ்வேறு பஸ்களில் பொருத்தியதன் தழும்பு அது.

முகவரியில் இன்னொரு குழி. ஆக்ஸியின் முகவரி எப்போதும் பைட் கணக்கு. விஷ்போனில் 32 பிட் பாகம் ஒன்றின் முகவரி பெரும்பாலும் சொல் கணக்கு, அதாவது கடைசி இரண்டு பிட்கள் கம்பியாகவே இருக்காது. ஆனால் சிலர் முழு 32 பிட் முகவரியையும் கம்பியாக வைத்துவிட்டு உள்ளே கடைசி இரண்டு பிட்களைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள், வேறு சிலர் கம்பிகளைச் சொல் எண்ணாகவே எண்ணுவார்கள். ஆவணத்தை நம்புவதைவிட, கோப்புக்குள் போய் முகவரியின் எந்த பிட்டை வைத்து ரெஜிஸ்டரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்துவிடுவது பாதுகாப்பு. அடுத்த ரெஜிஸ்டரைக் கேட்டால் நான்கு தள்ளி இருப்பது வருகிறது, அல்லது எதைக் கேட்டாலும் முதலாவதே வருகிறது என்றால் இந்தக் கணக்குத்தான் தவறியிருக்கும்.

செலக்ட் சிக்னலே இல்லாத பாகங்கள் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். இந்த ஐ2சி பாகமும் அப்படிப்பட்டதே. ஆக்ஸியில் நான்கு ஸ்ட்ரோப் பிட்களும் 0 ஆக ஓர் எழுதும் கோரிக்கை வரலாம், அதற்கு ‘எதையும் எழுதாதே’ என்று பொருள். அர்த்தமில்லாத கோரிக்கை போலத் தோன்றினாலும் விதி அதை அனுமதிக்கிறது. பிரிட்ஜ் அதை அப்படியே ஸ்ட்ரோப்பாகவும் ரைட் எனேபிளாகவும் மாற்றி அனுப்பினால், பைட் தேர்வு என்றால் என்னவென்றே தெரியாத பாகம் உண்மையிலேயே எழுதிவிடும். கீழ் பைட்டுக்கான பிட் 0 என்றால் விஷ்போன் பக்கம் போகவே போகாமல் ‘சரி’ என்று பதில் சொல்லிவிடுவதே முறை.

ரீசெட் சின்ன விஷயம், ஆனால் மறந்தால் எதுவும் நடக்காது. விஷ்போனில் ரீசெட் 1 ஆனால் செயல்படும், ஆக்ஸியில் 0 ஆனால் செயல்படும். தலைகீழாக்கிக் கொடுங்கள். பெரிய-முனை, சிறிய-முனை பைட் வரிசையும் (ஒரு சொல்லின் பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வருமா, சிறியதா என்பது) அப்படித்தான். விஷ்போன் இரண்டையும் அனுமதிக்கிறது. ஓப்பன்ரிஸ்க் என்ற திறந்த புராசஸர்களோடு வளர்ந்த பாகங்களில் பெரிய-முனைப் பழக்கம் இருக்கும். 32 பிட் ரெஜிஸ்டரை முழுதாகவே தொட்டுக்கொண்டிருந்தால் வித்தியாசம் தெரியாது. பைட் பைட்டாகத் தொட்டால்தான் தெரியும்.

படிப்பதும் எழுதுவதும் ஒரே நேரத்தில் வந்தால்? ஆக்ஸியில் இரண்டுக்கும் தனித்தனிச் சேனல் என்பதால் இது சகஜம். விஷ்போனில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். யாருக்கு முன்னுரிமை என்று பிரிட்ஜ் முடிவு செய்யவேண்டும். எழுதுவதற்கே எப்போதும் முதலிடம் என்று வைத்தால், தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கும் ஒருவரால் படிக்க வந்தவர் பட்டினி கிடப்பார். இருவரும் காத்திருந்தால் மாற்றி மாற்றிக் கொடுத்துவிடலாம். ஒரு பிட்டில் முடிகிற வேலை.

பிழைகளை மொழிபெயர்ப்பதற்கு வருவோம். விஷ்போன் ஸ்லேவ் மூன்று விதமாக ஒரு கோரிக்கையை முடிக்கலாம்: அக்னாலெட்ஜ், எரர், ரீட்ரை. ஆக்ஸியின் பதிலில் இரண்டு பிட்கள் உண்டு. 0 என்றால் நலம், 2 என்றால் ஸ்லேவ் பிழை, 3 என்றால் அந்த முகவரியில் ஆளே இல்லை. அக்னாலெட்ஜ் 0 ஆகும், எரர் 2 ஆகும். ரீட்ரைக்கு, அதாவது ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்பதற்கு ஆக்ஸியில் சொல்லே இல்லை. பிரிட்ஜ் தானே சில முறை மறுபடி முயன்று பார்க்கலாம், அல்லது அதையும் 2 என்று சொல்லிவிடலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே தேடுவீர்கள்.

இதைவிட மோசமானது பதிலே வராத நிலை. ஆக்ஸியில் அனுப்பிய கோரிக்கையைத் திரும்பப் பெற வழியில்லை. கேட்டது கேட்டதுதான், பதில் வந்தே ஆகவேண்டும். விஷ்போன் பக்கம் கிளாக் நிறுத்தப்பட்ட பாகம் ஒன்று அக்னாலெட்ஜ் தராமல் தூங்கிவிட்டால், புராசஸர் அந்த ஒரு கட்டளையிலேயே நின்றுவிடும். திரை உறையும், பிழை தேடும் கருவியான டிபக்கர்கூடச் சில நேரம் உள்ளே போகமுடியாது. அதனால் பிரிட்ஜில் ஒரு கவுண்டர் வைப்பது நல்ல பழக்கம். குறிப்பிட்ட துடிப்புகளுக்குள் பதில் இல்லையென்றால், சைக்கிளை இறக்கிவிட்டு ஆக்ஸிக்கு 2 என்ற பதிலைக் கொடுத்துவிடும். மென்பொருளுக்கு ஒரு பிழைச் செய்தி கிடைக்கும், அதை வைத்து எந்த முகவரி என்று தேடலாம். முழுமையாக உறைந்த அட்டையை வைத்துக்கொண்டு எதையும் தேடமுடியாது.

எதிர்த்திசை இன்னும் சுவாரசியமானது. விஷ்போன் பேசும் ஒரு திறந்த புராசஸரை, ஆக்ஸி பேசும் நினைவகக் கட்டுப்படுத்தியோடு இணைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேகம் தேவை என்பதால் இங்கே பி4-இன் பைப்லைன் முறை வரும். அதில் ஸ்ட்ரோப் 1 ஆகவும் ஸ்டால் 0 ஆகவும் இருக்கும் ஒவ்வொரு துடிப்பும் ஒரு புதிய கோரிக்கை. பதில்கள் பின்னால் வரிசையாக வரும். ஸ்டாலைத் திருப்பிப் போட்டால் ரெடி, அதனால் இது ஆக்ஸியோடு இயல்பாகவே ஒத்துப்போகும் என்று தோன்றும். பெரும்பாலும் ஒத்தும் போகும், இரண்டு இடங்களைத் தவிர.

ஒன்று, வரிசை. விஷ்போன் மாஸ்டர் ஒரு முகவரியில் எழுதிவிட்டு, அடுத்த துடிப்பிலேயே அதே முகவரியைப் படிக்கக் கேட்டால், இப்போது எழுதிய மதிப்பு வரும் என்று நம்பும். அதில் தவறில்லை, அதன் பஸ்ஸில் ஒரே வரிசைதான். ஆக்ஸியில் எழுதும் சேனல்களுக்கும் படிக்கும் சேனலுக்கும் இடையில் எந்த வரிசை ஒழுங்கும் இல்லை. படிப்பது முந்திக்கொண்டு பழைய மதிப்போடு வரலாம். எழுதியதற்கான பதில்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகே படிக்கும் கோரிக்கையை வெளியே விடவேண்டும். எத்தனை பதில் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருக்க ஒரு கவுண்டர் இதற்கும் தேவை.

இரண்டு, கைவிடுதல். விஷ்போனில் மாஸ்டர் சைக்கிள் சிக்னலை இறக்கிவிட்டால், பாக்கியிருக்கும் கோரிக்கைகள் எல்லாம் ரத்து. புராசஸர் ஒரு கிளைக்குத் தாவும்போது, முன்கூட்டியே கேட்டு வைத்த கட்டளைகள் வேண்டாம் என்று இப்படி உதறிவிட்டுப் போகும். ஆக்ஸிக்கு ரத்து என்ற சொல்லே தெரியாது. கேட்டவற்றுக்கான பதில்கள் எல்லாம் வந்துகொண்டுதான் இருக்கும். பிரிட்ஜ் அவற்றை வாங்கி, எண்ணி, கீழே போடவேண்டும். அதற்குள் புராசஸர் அடுத்த கோரிக்கையோடு வந்து நின்றால் ஸ்டால் கொடுத்து நிறுத்திவைக்கவேண்டும். இதைச் செய்யாத பிரிட்ஜ், பழைய கேள்விக்கு வந்த பதிலைப் புதிய கேள்விக்கான பதிலாகக் கொடுத்துவிடும். புராசஸர் அதைக் கட்டளை என்று நம்பி இயக்கும். அதன் பிறகு நடப்பதை விளக்க எந்த டிபக்கராலும் முடியாது.

வேகத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய முறை விஷ்போனில் ஸ்லேவ் தன் அக்னாலெட்ஜை ஃபிளிப்-ஃபிளாப்பிலிருந்து தந்தால், ஒரு பரிமாற்றத்துக்குக் குறைந்தது இரண்டு துடிப்புகள். பிரிட்ஜ் அதற்குமேல் இன்னும் சில துடிப்புகளைச் சேர்க்கும். ஐ2சி போன்ற பாகங்களுக்கு இது பொருட்டே இல்லை, அந்தக் கம்பியின் சாதாரண வேகமே நொடிக்கு 1,00,000 பிட்தான். ஆனால் ஒரு கவனம் வேண்டும். ஆக்ஸி விதிப்படி, உள்ளே வரும் சிக்னலுக்கும் வெளியே போகும் சிக்னலுக்கும் நடுவில் ஃபிளிப்-ஃபிளாப் இல்லாத நேரடிப் பாதை இருக்கக்கூடாது. விஷ்போனில் ஸ்ட்ரோப்பையே திருப்பி அக்னாலெட்ஜாகக் கொடுக்கும் பாகங்கள் முறையானவைதான், அந்தப் பழக்கத்தை ஆக்ஸி பக்கம் எடுத்துப்போகாதீர்கள்.

எழுதி முடித்த பிரிட்ஜைச் சோதிக்கும்போது பலரும் செய்யும் தவறு, நல்ல பிள்ளையான மாஸ்டரை வைத்துச் சோதிப்பது. கேட்டதும் ரெடி சொல்லும், முகவரியையும் தரவையும் சேர்ந்தே அனுப்பும். அப்படிப்பட்ட மாஸ்டரிடம் எந்த பிரிட்ஜும் தேறிவிடும். ரெடியை மனம்போனபடி தாமதிக்கிற, தரவை முகவரிக்கு முன்னால் தள்ளுகிற, பதிலை வாங்காமல் இழுத்தடிக்கிற மாஸ்டரை எழுதுங்கள். இதைவிட வலிமையான வழி ஃபார்மல் சரிபார்ப்பு. ‘வேலிட் 1, ரெடி 0 என்றால், அடுத்த துடிப்பிலும் வேலிட் 1, தரவு மாறாது’ என்று விதியையே வாக்கியமாக எழுதிக் கொடுத்தால், சிம்பியோசிஸ் போன்ற திறந்த கருவி அதை உடைக்கும் சிக்னல் வரிசை ஏதாவது இருக்கிறதா என்று தேடிக் காட்டும். என்னுடைய 1357 பிழையையும் ‘ஒரு ஆக்ஸி கோரிக்கைக்கு ஒரே ஒரு விஷ்போன் கோரிக்கை’ என்ற ஒற்றை வாக்கியம் பிடித்திருக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி: பிரிட்ஜ் வேண்டுமா? சில நேரம் வேண்டியதில்லை. நாம் பார்த்த ஐ2சி பாகத்தில் மூன்று அடுக்குக் கோப்புகள் உண்டு. அடியில் இருப்பது பிட்களைக் கவனிக்கிறது, நடுவில் இருப்பது பைட்களை. விஷ்போன் என்ற ஒன்று இருப்பதே மேலே உள்ள கோப்புக்கு மட்டும்தான் தெரியும். அந்த மேல் கோப்பை மட்டும் ஆக்ஸிக்காகத் திருத்தி எழுதிவிட்டால் பிரிட்ஜே தேவைப்படாது. மாறாக, பஸ் சிக்னல்கள் உள்ளே பல இடங்களில் ஊடுருவியிருக்கும் பாகம் என்றால் தொடாமல் விட்டு, வெளியே பிரிட்ஜ் வைப்பதே மேல். மூலக் கோப்பில் கை வைத்தால் உரிமத்தையும் படித்துவிடுங்கள். திருத்தியதை அப்படியே வைத்துக்கொள்ளலாமா, வெளியிடவேண்டுமா என்பது அதைப் பொறுத்தது.

எந்த வழியில் போனாலும், எஃப்பிஜிஏவில் ஏற்றியதும் முதலில் செய்யவேண்டியது ஒரே சோதனைதான். நம் ஐ2சி பாகத்தில் என்றால், முகவரி 0-ஐயும் 4-ஐயும் படியுங்கள். ரீசெட்டுக்குப் பிறகு அந்த வேக ரெஜிஸ்டர்கள் இரண்டிலும் 255 இருக்கவேண்டும், 8-இல் உள்ள கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் 0. இணைப்பே இல்லாத பஸ்ஸும் சில நேரம் 255 காட்டும் என்பதால் அதோடு நிறுத்தாமல், 0-இல் 85-ஐயும் 4-இல் 170-ஐயும் எழுதித் திரும்பப் படியுங்கள். இரண்டிலும் பிட்கள் ஒன்று விட்டு ஒன்று மாறி வரும், ஒன்று மற்றதற்கு நேர் எதிர். இடம் மாறி வந்தால் முகவரிக் கணக்கைப் பாருங்கள். இரண்டும் 170 என்று வந்தால் இரண்டு முகவரிகளும் ஒரே ரெஜிஸ்டரைத் தொடுகின்றன. புராசஸர் திரும்பியே வரவில்லை என்றால், கவுண்டர் வைக்காமல் விட்டீர்கள்.